நான் பார்க்காமல் எழுதிய நான்கு மணி அளவு

1998-ஆம் வருடம், ஆகஸ்ட் மாதக் கடைசி. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூளை ஆபரேஷன் ஆனவர்களை வைத்திருக்கும் வார்டில் நான் நர்ஸாக இருந்தேன். வயது இருபத்தெட்டு. ஊர் போளூர் பக்கம். அந்த வார்டில் ஒரு சாயங்கால ட்யூட்டியில் நடந்ததை, அந்த ஆஸ்பத்திரிக்கு வெளியே, இதுவரை நான் மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் நாலாவது.

பெங்களூர் வந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே நர்ஸ்கள் ஹாஸ்டல். என் அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் மங்களூர் பக்கத்துப் பெண்கள். நல்லவர்கள்தான். அவர்களுக்குள் துளுவில் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே வந்ததும் மரியாதைக்கு இங்கிலீஷுக்கு மாறுவார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். எனக்குக் கன்னடமும் சரியாக வரவில்லை. வந்த புதிதில் ஒரு நோயாளியின் மகன் என்னைப் பார்த்து "பன்னி சிஸ்டர், பன்னி" என்று கூப்பிட, நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். 'வாங்க' என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் சொல் என்று வார்டு ஆயா சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஏழு மாதத்தில் என்னால் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று ஊருக்குப் போன் போடுவேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது, பக்கத்து வீட்டில்தான். அவர்கள் போய் அம்மாவைக் கூட்டி வருவார்கள். "சாப்டியா, உடம்பு நல்லாருக்கா" என்பார் அம்மா. பின்னால் அந்த வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதால் அதற்கு மேல் இரண்டு பேருமே பேசமாட்டோம்.

வார்டில் எனக்குப் பிடிக்காத நேரம், சொந்தக்காரர்களை உள்ளே விடும் நேரம். மூன்றரை மணியிலிருந்து ஐந்தரை வரை. ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் நாலு பேர், ஐந்து பேர் நிற்பார்கள். டிபன் கேரியர் திறக்கும் சத்தம், ஆரஞ்சுத் தோல் வாசனை, குழந்தைகள் ஓடுவது. அந்த இரண்டு மணி நேரமும் வார்டில் ஆள் வராத ஒரே ஆள் நான்தான் என்று தோன்றும். மேஜையில் குனிந்து எதையாவது எழுதிக்கொண்டே இருப்பேன்.

அந்த வருடம் எங்கள் வார்டில் ஒரு இளம் டாக்டர் மேல்படிப்புக்காக ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கன்னடக்காரர். தமிழ் ஓரளவு பேசுவார். ஆராய்ச்சி என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும்.

வயதானவர்கள் சிலருக்குத் தலையில் லேசாக அடிபடும். கதவு இடிக்கும், இல்லை பாத்ரூமில் வழுக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு சின்ன ரத்தக்குழாய் கசிந்து, மூளையைச் சுற்றி ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத் தலைவலி, கால் இழுப்பது, பேச்சு குழறுவது என்று ஆரம்பிக்கும். அதற்குள் அடிபட்டதே மறந்து போயிருக்கும். வயசாகிவிட்டது என்பார்கள், குடித்திருக்கிறான் என்பார்கள். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். மண்டை ஓட்டில் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டால், பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கறுப்பாக வடியும். கழுவி எடுத்த பிறகும் மிச்சம் இருப்பது வடிவதற்காக ஒரு மெல்லிய குழாய் வைத்துத் தைத்துவிடுவார்கள். குழாயின் மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதைக் கட்டிலுக்குக் கீழே, தலையைவிடத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். நோயாளி தலையணை இல்லாமல் இரண்டு நாள் மட்டமாகப் படுத்திருக்க வேண்டும்.

அந்தக் குழாயின் நுனியை எங்கே வைப்பது என்பதில்தான் விவகாரம். எங்கள் பெரிய டாக்டர்களில் ஒருவர் ஓட்டை வழியாக உள்ளே, ரத்தம் சேர்ந்த இடத்திலேயே வைப்பார். நன்றாக வடியும், ஆனால் மூளையில் இடிக்குமோ என்ற பயம் உண்டு. இன்னொருவர் எலும்புக்கு மேலே, தலைத்தோலுக்கு அடியில் வைப்பார். அந்தப் பயம் இல்லை, ஆனால் போதுமான அளவு வடியுமா என்ற சந்தேகம். எது நல்லது என்று எங்கள் வார்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதைத்தான் அந்த இளம் டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கிச் சொல்லி, அவர்கள் சம்மதித்தால், ஆபரேஷன் தியேட்டரில் ஒட்டிய கவர் ஒன்றைப் பிரிப்பார்கள். உள்ளே என்று இருந்தால் உள்ளே. மேலே என்று இருந்தால் மேலே.

நர்ஸ்களுக்கு வேலை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்து ஒரு தாளில் எழுதுவது. பையில் எவ்வளவு, என்ன நிறம், குழாய் திறந்திருக்கிறதா, பை தாழ்வாக இருக்கிறதா, நோயாளி நன்றாகப் பேசுகிறாரா, இரண்டு கையிலும் பிடி சமமாக இருக்கிறதா. "சிஸ்டர், உங்க கண்ணாலதான் நான் பாக்கறேன்" என்று அந்த டாக்டர் முதல் நாளே எங்களிடம் சொன்னார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இரண்டு மாதமாக ஒரு தரம்கூடத் தவறாமல் குனிந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எழுதி வந்தேன்.

அந்த வாரம் பதினொன்றாம் கட்டிலில் இருந்தவர் ஒரு லிஃப்ட் ஆபரேட்டர். ஐம்பத்தெட்டு வயது. கன்டோன்மென்ட் பக்கம் பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்றில், இரும்புக் கிராதி இழுத்து மூடும் லிஃப்ட்டில் முப்பது வருடமாக வேலை. அந்தக் கிராதியில் ஒருநாள் நெற்றிப்பொட்டில் இடித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றரை மாதம் கழித்து நாலாம் மாடி என்றால் இரண்டில் நிறுத்தினாராம். கால் இழுத்தது. வயசான காலத்தில் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று ஆபீஸ்காரர்கள் பேசியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்து வாட்ச்மேன்தான் ஆட்டோவில் கூட்டி வந்தார். மனைவி இறந்து பல வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. ஈஜிபுராவிலிருந்து அண்ணன் மகன் ஒருவர் வந்து, டாக்டர் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அப்புறம் யாரும் வரவில்லை. சொந்தக்காரர்கள் வரும் நேரத்தில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

அவருக்குக் குழாய் உள்ளே. பக்கத்தில் பன்னிரண்டாம் கட்டில்காரர் ஆனேக்கல்லில் பட்டுப்பூச்சி வளர்ப்பவர். அவருக்கும் அதே நோய், அதே நாளில் ஆபரேஷன். ஆனால் அவருடைய கவரில் 'மேலே' என்று வந்துவிட்டது.

இந்த ஆனேக்கல்காரரின் மனைவிக்கு அது பெரிய மனக்குறையாகப் போய்விட்டது. பார்டர் பக்கத்து ஆள், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

"ஏன் சிஸ்டரம்மா, அவருக்கு மட்டும் உள்ளார வெச்சிருக்காங்களாமே. எங்க வீட்டுக்காரருக்கு மேலாப்புல வெச்சி ஒப்பேத்திட்டாங்களா?"

"ரெண்டும் நல்லதுதான்மா. எது இன்னும் நல்லதுன்னுதான் டாக்டர் பாக்கறார்."

"பாருங்களேன், அவரு பை எப்படி ரொம்புது. எங்களுது அப்படியே கெடக்குது."

நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நெற்றியில் வைக்கும் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, இரண்டு பையிலும் வடிந்தது நிற்கும் அளவுக்கு நேராக ஒவ்வொரு பொட்டு ஒட்டினார். கொஞ்ச நேரம் கழித்து ஏறியிருந்தால் அதற்கு மேல் இன்னொன்று. முதல் நாள் நான் பார்த்துக் கோபப்பட்டேன். "இதெல்லாம் ஆஸ்பத்திரி சாமான், விளையாடாதீங்க" என்றேன். "உம் பேப்பர் உனக்கு, எம் பொட்டு எனக்கு" என்றார். சிவப்புப் பொட்டுகள் வரிசையாக இரண்டு பையிலும் ஏறிக்கொண்டிருந்தன.

ஆபரேஷனுக்கு மறுநாள் எனக்கு மத்தியானம் இரண்டிலிருந்து எட்டு வரை ட்யூட்டி. கிளம்பும்போது ஹாஸ்டல் வாசலில் அம்மாவின் கடிதம் இருந்தது. பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மணி அளவை எடுத்தேன். லிஃப்ட்காரர் பெயர் சொன்னார், ஊர் சொன்னார், இரண்டு கையாலும் என் விரலை நன்றாக அழுத்தினார். பையில் நூற்றிருபது மில்லி. எழுதினேன்.

மூன்றரைக்குக் கூட்டம் வந்தது. ஆனேக்கல்காரருக்கு அன்று ஒரு டெம்போ நிறைய ஆட்கள். நான் மேஜைக்குப் போய், வார்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தேன்.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று அம்மா எழுதியிருந்தார். தேதியும் குறித்தாகிவிட்டது. என்னைவிட நாலு வயது சின்னவள். எனக்கு இன்னும் ஆகவில்லை. நல்ல இடம், தள்ளிப்போட முடியவில்லை என்று இருந்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: 'உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சிரமப்பட்டு வர வேண்டாம். வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றித்தான் கேட்பார்கள், உனக்கும் சங்கடமாக இருக்கும்.'

லீவு கேட்டுப் பார் என்றுகூட எழுதவில்லை. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து அம்மாவுடையதுதான். அழுகை வரவில்லை. காது அடைத்த மாதிரி இருந்தது, வார்டின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது.

நிமிர்ந்தபோது மணி நான்கு அடித்து ஐந்து நிமிஷம். அளவு எடுக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். பதினொன்றாம் கட்டிலுக்கும் பன்னிரண்டாம் கட்டிலுக்கும் நடுவில் ஏழெட்டுப் பேர். அவர்கள் இடுக்கு வழியாக லிஃப்ட்காரரின் முதுகு தெரிந்தது. வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து, 'கொஞ்சம் தள்ளுங்க' என்று சொல்லி, குனிந்து... என்னால் முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பத்துப் பத்தாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்தேன். நான்கு மணி. நூற்றிமுப்பது. குழாய் திறந்திருக்கிறது. பை தாழ்வாக உள்ளது. நன்றாகப் பேசுகிறார். பிடி சமம். கையெழுத்து.

எழுதி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நாலரை மணி சுமாருக்கு ஆனேக்கல் அம்மா மேஜைக்கு வந்தார்.

"சிஸ்டரம்மா, பக்கத்துக் கட்டில் பை ஏறவே இல்ல."

"சரி, பாக்கறேன்மா."

"மத்தியானம் நா ஒட்டின பொட்டுக்குக் கீழ போயிருக்குது. அது எப்படி கீழ போவும்?"

அவர் சொன்னதைக் காதில் வாங்கியும் நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெரியவர் தூங்கறார், தொந்தரவு பண்ணாதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொட்டும் கையுமாக அலைகிற அம்மா, நம் வேலையில் மூக்கை நுழைக்கிறார் என்ற எரிச்சல்தான் எனக்கு இருந்தது. போனவர் ஐந்து நிமிஷத்தில் ஓடி வந்தார்.

"பன்னி, பேக பன்னி, சீக்கிரம் வாங்க! அவரு மாதாடத்தா இல்ல, பேச்சே இல்ல, வாயி ஓரம் எச்சி ஒழுவுது!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

பத்தடி தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பை கட்டிலுக்குக் கீழே இல்லை. சலைன் ஸ்டாண்டில், அவர் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் யாரோ காலில் பட்டதென்று எடுத்து, குளுகோஸ் பாட்டில் மாதிரி நினைத்து மேலே மாட்டியிருக்கிறார்கள். வெளியே வடிந்தது திரும்ப உள்ளே போயிருக்கிறது. அவரைப் புரட்டினேன். "ஐயா, ஐயா" என்று உலுக்கினேன். மார்பில் அழுத்தினால் வலது கை மட்டும் அசைந்தது. இடது கை துணி மாதிரி கிடந்தது.

பையை இறக்கினேன், கத்தினேன். அந்த இளம் டாக்டர் ஓடி வந்தார். கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டே கேட்டார்.

"நாலு மணிக்கு எப்படி இருந்தார்?"

தாள் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் கையெழுத்து ஈரம் காயாத மாதிரி இருந்தது.

"நல்லா பேசினார் சார்" என்றேன்.

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே மறுபடி நிறையச் சேர்ந்திருந்தது, புது ரத்தமும் இருந்தது. ஆறு மணிக்குள் திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அண்ணன் மகனுக்குச் சொல்லி அனுப்பினார்கள், அவர் வேலையில் இருந்தார், கிடைக்கவில்லை. தியேட்டர் வாசல் பெஞ்சில் அவருக்காக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

வார்டில் எங்கள் சீனியர் சிஸ்டர், ஆனேக்கல்காரர்கள் எல்லாரையும் நிற்கவைத்துத் திட்டினார். "உங்களாலதான் ஒரு உயிர் போகப் பாத்தது. டெம்போ வெச்சி வந்து சந்தையா நடத்தறீங்க? நாளையில இருந்து ஒருத்தரும் உள்ள வரக்கூடாது." அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டே நின்றார். எங்க ஜனங்கதான், எங்க ஜனங்கதான் என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் மருந்து அலமாரியைத் திறந்து பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று ஹாஸ்டலில் சாப்பிடவில்லை. நான் சாப்பிடவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை. நான் போயிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதை நம்ப முடியவில்லை. நான்கு மணிக்கு எழுந்து பத்தடி நடந்திருந்தால் அந்தப் பை என் கண்ணில் பட்டிருக்கும்.

மறுநாள் காலை எனக்கு ட்யூட்டி இல்லை. ஆனாலும் ரவுண்ட்ஸ் நேரத்துக்கு வார்டுக்குப் போய்க் கதவோரம் நின்றேன். வார்டுக்குத் தலைவரான பெரிய டாக்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இளம் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு நன்றாக இருந்தவர் நாலே முக்காலுக்குள் இப்படி ஆனார் என்றால், பையை மேலே மாட்டினது மட்டும் காரணமாக இருக்காது, குழாய் உள்ளே உரசித்தான் புதிதாக ரத்தம் கசிந்திருக்க வேண்டும், உள்ளே வைப்பதை இனிமேல் யாருக்கும் செய்ய வேண்டாம், இந்த ஒப்பீட்டை இத்தோடு நிறுத்திவிடுங்கள் என்றார். இளம் டாக்டருக்கு ராத்திரி முழுக்கத் தியேட்டரிலும் ஐ.சி.யூ.விலும் நின்ற முகம். "என் தப்புதான் சார்" என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னார்.

நான் எழுதின ஒரு வரியை வைத்து, பார்க்காமல் எழுதின ஒரு வரியை வைத்து, அங்கே ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இனி அந்த வார்டுக்கு வரப்போகிறவர்களுக்கெல்லாம் சேர்த்து.

ரவுண்ட்ஸ் முடிந்து இளம் டாக்டர் தனியாக வராந்தாவுக்கு வந்தபோது போய் நின்றேன்.

"சார், நாலு மணிக்கு நான் அவரைப் பாக்கல."

அவருக்கு முதலில் புரியவில்லை.

"பாக்காமயே எழுதிட்டேன் சார். பை எப்ப மேல போச்சுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மணிக்கு அப்புறம் நான் கிட்டவே போகல."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.  பிறகு கேட்டார்.

"இது ஒண்ணு மட்டும்தானா?"

"இது ஒண்ணுதான் சார். மத்ததெல்லாம் பாத்துத்தான் எழுதினேன். சத்தியமா."

"நீங்க சொல்றீங்க. நான் எப்படி சிஸ்டர் நம்பறது?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே வழி தெரியாமல் கேட்டார். 

அன்று சாயங்காலம் டாக்டர்கள் அறையில் அவர் ஒரு ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். இரண்டு மாதத் தாள்கள் எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருந்த ஒவ்வொரு வரியையும் அடித்துக்கொண்டிருந்தார். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து எழுதிய அத்தனை வரிகளும் அதில் போயின. மேட்ரனிடமும் பெரிய டாக்டரிடமும் அவரே சொன்னார், என்னையும் சொல்லவைத்தார். அந்த ஒரு வரியை வைத்துக் குழாய் மேல் பழி போட முடியாது என்று பெரிய டாக்டர் ஒப்புக்கொண்டார். ஒப்பீடு நிற்கவில்லை. எனக்கு மெமோ வந்தது. வார்டிலிருந்து எடுத்து, புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் இடத்தில் போட்டார்கள். விஷயம் ஹாஸ்டல் முழுக்கப் பரவியது. மெஸ்ஸில் நான் உட்கார்ந்த மேஜையில் இடம் எப்போதும் காலியாகவே இருந்தது.

ஆனேக்கல் அம்மா ஊருக்குக் கிளம்பின அன்று போய்ப் பார்த்தேன். நான் நான்கு மணிக்கு வந்து பார்க்கவில்லை, வந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும் என்றேன். அவர் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்க ஜனங்களத் திட்டினாங்களே அந்தப் பெரிய சிஸ்டரு, அவங்ககிட்ட இத சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்மா. நீங்கதான் வந்து கூப்பிட்டீங்கன்னும் சொல்லிட்டேன்."

"அது சொல்லிட்டா சரி" என்றார்.  புருஷன் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஆள் நன்றாகவே நடந்தார். மேலே வைத்த குழாய் அவருக்குப் போதுமானதாகத்தான் இருந்தது.

லிஃப்ட்காரர் மூன்றாவது நாள் கண் விழித்தார். ஒரு வாரம் கழித்து ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்குக் கொண்டு வந்தார்கள். பேச்சு வந்தது, நினைவு தெளிவாக இருந்தது, இடது கை மட்டும் சரியாக மூடவில்லை. என் வேலை மூன்று மணிக்கு முடிந்துவிடும். இரண்டு நாள் வார்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் மற்ற சொந்தக்காரர்களோடு சேர்ந்து உள்ளே போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஐயா" என்றேன்.

கண்ணைத் திறந்து, "பி.பி.யா சிஸ்டர்?" என்று வலது கையை நீட்டினார்.

"இல்லய்யா. உங்களப் பாக்க வந்தேன்."

அவருக்கு அது விளங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் வந்ததைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சாக்கு சொல்வது மாதிரி இருக்கும். சொல்லி முடிக்கும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு என்னைப் பத்தி என்ன எழுதினீங்க?" என்று கேட்டார்.

"நல்லா பேசறார்னு எழுதினேன்யா."

அவர் கூரையைப் பார்த்தார். வாய் ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"நான் யார்கிட்ட சிஸ்டர் பேசினேன்? பேர் என்ன, ஊர் என்னன்னு நீங்க கேப்பீங்க. சொல்லுவேன். அதுக்கு மேல ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலயே."

என்னை மன்னித்தேன் என்றோ மன்னிக்கமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.  என்ன பேசுவது என்று தெரியாமல், அந்த லிஃப்ட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறி இறங்குவீர்கள் என்று கேட்டேன். எண்ணினதே இல்லை என்றார். அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். முப்பது வருடத்தில் எத்தனையோ பேரை மேலே கொண்டுபோயிருக்கிறேன், எல்லாரும் கதவைப் பார்த்துத்தான் நிற்பார்கள், என் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு என்றார். வாட்ச்மேன் ஒருவன்தான் போகும்போதும் வரும்போதும் பேசுவான், அதனால்தான் என் பேச்சு குழறுவது அவனுக்குத் தெரிந்தது என்றார். ஐந்தரை மணிக்கு மணி அடித்தபோது இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் டிஸ்சார்ஜ் ஆகும்வரை பதினோரு நாள், தினமும் போனேன். சில நாள் பேசினார். சில நாள் பேச மனசில்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டார், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் அந்தக் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். "கூப்பிடலன்னா என்ன, அது உங்க வீடு. போய் நில்லுங்க" என்றார். போனேன். வந்தவர்கள் எல்லாரும் அம்மா எழுதியிருந்த மாதிரியே என்னைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொல்லிவிட்டுப் பந்தியில் பரிமாறினேன். தங்கை என் கையை விடவே இல்லை.

அண்ணன் மகன் வந்து அவரை ஈஜிபுராவுக்குக் கூட்டிப்போனார். லிஃப்ட் வேலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை என்று அந்த வாட்ச்மேன் மூலம் பின்னால் கேள்விப்பட்டேன். அந்தக் கை என்னால்தான் அப்படி ஆனதா, எப்படியும் ஆகியிருக்குமா என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை. இளம் டாக்டர் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார். குழாயை எங்கே வைப்பது நல்லது என்று கடைசியில் என்ன முடிவுக்கு வந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் கழித்து என்னை மறுபடி ஒரு வார்டில் போட்டார்கள். கூடவே இன்னொரு நர்ஸ் என் அளவுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு. இரண்டு வருடம் அப்படியே நடந்தது, நான் முணுமுணுக்கவில்லை.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எவ்வளவு எண்கள் எழுதியிருப்பேன், எவ்வளவு பேரிடம் பெயரும் ஊரும் கேட்டிருப்பேன். என்னைத் தேடி யாருமே வராத ஒரு சாயங்காலத்தில், பத்தடி தள்ளி என்னைப் போலவே ஒருவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார்; அவரைப் போய்ப் பார்ப்பதற்காகத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, இன்றும் என்னால் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடிவதில்லை.